ஒரு சொட்டும் சிந்தாத ஆஸ்பத்திரி

என் மனைவியின் முழங்காலை அறுத்ததில் ஒரு சொட்டு ரத்தம்கூடப் போகவில்லை என்று அந்த ஆஸ்பத்திரி எனக்கு மூன்று தடவை கைகொடுத்து வாழ்த்துச் சொன்னது. மூன்றாவது தடவை கைகொடுத்தபோது அவளுக்குத் தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லை.

நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். அவள் தையல்காரி. மிதி மெஷினில் உட்கார்ந்து ஊரில் பாதிப் பேருக்கு உடுப்பு தைத்துக் கொடுத்ததில் அவள் வலது முழங்கால் தேய்ந்து போனதுதான் மிச்சம். மாடிப்படி ஏறினால் உள்ளே மணல் அரைபடுகிற சத்தம் எனக்கே கேட்கும். முழங்கால் மூட்டையே மாற்றித்தான் ஆகவேண்டும் என்று எல்லா டாக்டரும் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு வலிகூடப் பெரிதில்லை, ரத்தம்தான் பயம். விரலில் ஊசி குத்தினாலே கண்ணை மூடிக்கொள்கிறவள். முட்டி ஆபரேஷனில் ரத்தம் நிறையப் போகும் என்று யாரோ ஒரு புண்ணியவதி துணி கொடுக்க வந்த இடத்தில் சொல்லிவிட்டுப் போக, அன்றிலிருந்து இவளுக்குத் தூக்கம் போயிற்று. அதனால்தான் தேடிப் பிடித்து, ரத்தப்போக்கைக் குறைத்ததற்காகவே பரிசு வாங்கிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். என் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்வது!

ஆபரேஷனுக்கு முதல் நாள் நோயாளிகளையும் வீட்டு ஆட்களையும் ஒரு குளிரூட்டிய அரங்கத்தில் உட்காரவைத்தார்கள். தலைமை மருத்துவர் மேடை ஏறினார். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரைப் ‘பெரியவர்’ என்றுதான் சொல்வார்கள். நல்ல குரல் அவருக்கு.

“முதல் வருஷம் நாங்க ரொம்பக் கஷ்டப்பட்டோம்,” என்று ஆரம்பித்தார். “உடம்புல ரத்தம் போதுமான அளவு இருக்கான்னு முன்கூட்டியே பார்த்தோம். கம்மியா இருந்தா மாத்திரை குடுத்து ஏத்தினோம். கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி, உறைஞ்ச ரத்தம் சீக்கிரம் கரையாம இருக்க ஒரு ஊசி போட்டோம். சின்னச் சின்ன ரத்தக்குழாயைக்கூட விடாம சுட்டு அடைச்சோம். ரத்தப்போக்கு பாதியாக் குறைஞ்சுது. பரிசு குடுத்தாங்க. அடுத்த வருஷமும் வாங்கணும்னா அதைவிடக் குறைக்கணும். ஆனா மனுஷ உடம்பு ஒத்துழைக்கல. அறுத்தா ரத்தம் வருதுங்க, என்ன பண்றது?”

கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

“அப்போதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. இவ்வளவு நாளா நாங்க ரத்தத்தைக் குறைக்கப் பாடுபட்டுட்டு இருந்தோம். தேவையே இல்ல. இழப்பைக் குறைச்சா போதும். இழப்புன்னா என்ன? வெளியே வந்து, ஜாடியில விழுந்து, அதை எங்க ஆளு பார்த்து இவ்வளவுன்னு சொன்னா, அது இழப்பு. இதுல எது ஒண்ணு நடக்கலேன்னாலும் இழப்பு இல்ல.”

பக்கத்தில் இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் புல்லரித்தது. பெரிய மனிதர்கள் மைக்கில் சொன்னால் புரியாததும் புரிந்த மாதிரிதான் இருக்கும். என் மனைவி மட்டும் என் காதோரம் சாய்ந்து, “என்னங்க, அந்த ஊசியை இப்பவும் போடுவாங்களான்னு கேளுங்க,” என்றாள்.

கேட்டேன். பெரியவர் கோபப்படவில்லை. குழந்தையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“ரத்தமே போகாத ஆஸ்பத்திரியில ரத்தத்தை நிறுத்துற மருந்து எதுக்குங்க? அதை அலமாரியில வெச்சிருந்தாலே பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க? எல்லாத்தையும் திருப்பி அனுப்பிட்டோம்.”

அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலையில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போவதற்கு முன்னால், அளவு அதிகாரி என்று ஒருவர் வந்தார். மெலிந்த ஆள், இஸ்திரி கலையாத சட்டை. ஆபரேஷனில் ரத்தத்தை உறிஞ்சி எடுக்கிற கண்ணாடி ஜாடியைத் தட்டில் வைத்து, மேலே பட்டுத்துணி போர்த்திக் கொண்டுவந்தார். துணியை விலக்கி, ஜாடி காலியாக இருப்பதை எங்களுக்குக் காட்டினார். தொட்டுப் பார்க்கச் சொன்னார். என் மனைவி தொட்டுப் பார்த்தாள்.

“இந்த ஜாடிக்குள்ள போற குழாய் எங்கே?” என்று கேட்டாள்.

“அதைக் கழட்டிட்டோம்மா,” என்றார் அவர். “குழாய் இருந்தா உள்ளே ஏதாவது வந்துடுது.”

அப்போதாவது நான் அவளை இழுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் படுக்கை வண்டியின் சக்கரம் உருண்டுவிட்டது. அவள் கை என் கையிலிருந்து நழுவியது. கதவு இரண்டு பக்கமும் ஆடி ஆடி நின்றது.

மதியம் கதவு திறந்தது. முதலில் வந்தது ஜாடிதான். பிறந்த பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி அளவு அதிகாரி அதை நெஞ்சோடு அணைத்து எடுத்துவந்தார். காலி. சுத்தமாகத் துடைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. வரிசையாக நின்ற ஊழியர்கள் கைதட்டினார்கள். பெரியவர் முகமூடியைக் கழற்றி எனக்குக் கைகொடுத்தார். அவருக்குப் பின்னால் ஒரு மூலையில் துடைக்கிற கருஞ்சிவப்புத் துண்டுகள் ஒரு பெரிய கூடை நிறையக் கிடந்தன. ஒருவர் அதைத் தூக்க முயன்று, கனத்தினால் முடியாமல், இன்னொருவரைக் கூப்பிட்டார்.

“அந்தத் துண்டெல்லாம் ஏன் அவ்வளவு ஈரமா இருக்கு?” என்று கேட்டேன்.

“துண்டை நாங்க எடை போடறதில்ல சார்,” என்றார் அளவு அதிகாரி. கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்ட நிம்மதி அவர் முகத்தில் இருந்தது.

வார்டில் எல்லாமே கருஞ்சிவப்பு. விரிப்பு, தலையணை உறை, திரை, நர்ஸ்களின் உடுப்பு. வெள்ளை நிறம் நோயாளிக்கு மனச்சோர்வு தருகிறது என்று ஒரு குழு ஆராய்ந்து கண்டுபிடித்ததாம். கூரையில் இளஞ்சிவப்பு பல்புகள். அந்த வெளிச்சத்தில் வார்டில் இருந்த எல்லோருமே புது மாப்பிள்ளை, புதுப் பெண் மாதிரி கன்னம் சிவந்து கிடந்தார்கள். என் மனைவியும் அப்படித்தான் இருந்தாள். நான்கூட நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தேன்.

அவள் கண்விழித்ததும் தாகம் என்றாள். பிறகு குளிர்கிறது என்றாள். பிறகு, “முட்டிக்குள்ள என்னமோ நிறையுதுங்க,” என்றாள். போர்வையை விலக்கினேன். முழங்கால் பூசணிக்காய் கணக்காக வீங்கி, கட்டு சதையில் பதிந்து கிடந்தது. நர்ஸைக் கூப்பிட்டேன். நடுத்தர வயது, நின்று பேசவே நேரமில்லாத ஒரு சிஸ்டர் வந்தாள். பார்த்தவள் சுற்றுமுற்றும் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அளவு அதிகாரிக்கு ஆள் அனுப்பினாள்.

“உள்ளே ரத்தம் தேங்குது, வடியறதுக்கு ஒரு குழாயாவது வைக்கக் கூடாதா?” என்று அவர் வந்ததும் கேட்டேன்.

“குழாய் வெச்சா ரத்தம் வெளியே வரும். வந்தா இழப்பு. இப்போ அது எங்கே இருக்கு? உங்க வீட்டம்மாகிட்டயேதான் இருக்கு. இது இழப்பு இல்ல சார், சேமிப்பு.”

“என் முட்டியில உண்டியலா வெச்சிருக்கீங்க?” என்றாள் என் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் குறித்துக்கொண்டார். “நல்லா இருக்கும்மா. பெரியவரோட அடுத்த பேச்சுக்கு உதவும்,” என்று சொல்லிவிட்டு, எனக்கு இரண்டாவது தடவையாகக் கைகொடுத்தார்.

ரத்தத்தைப் பரிசோதித்தாவது பாருங்கள் என்று கெஞ்சினேன். ஆபரேஷனுக்குப் பிறகு யாருக்கும் ரத்தப் பரிசோதனை கிடையாதாம். ஊசியில் எடுக்கிற ரத்தமும் உடம்பை விட்டு வெளியே வருகிறதல்லவா? அதனால் முகத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுவார்கள். முகத்தைப் பார்க்கத்தான் அந்த பல்புகள்.

அவர் போன பிறகு சிஸ்டர் வந்து, தலையணையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தாள்.

“திரையைக் கொஞ்சம் விலக்கிப் பாருங்க,” என்றாள் மெதுவாக. “நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

ஜன்னல் திரையை ஒரு சாண் விலக்கினேன். வெயில் நேராக அவள் முகத்தில் விழுந்தது. உதடு வெளுத்து, காது மடல் மெழுகு நிறத்தில் இருந்தது. கட்டில் முழுக்கச் சிவப்பு, நடுவில் அந்த முகம். என்னுடன் இத்தனை வருஷம் வாழ்ந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் பயந்து போனேன். அந்தப் பயத்தை இன்னும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

ரத்த வங்கி கீழ்த்தளத்தில் இருந்தது. கண்ணாடிக் கதவு வைத்த குளிர்ப்பெட்டிகள் சுவர் முழுக்க நிற்க, ஒவ்வொன்றிலும் ரத்தப் பைகள் இடமில்லாமல் அடுக்கியிருந்தன. அந்த வங்கியின் அதிகாரி ஒரு மெல்லிய துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு பாட்டில் வேணும்ங்க. இதுல அவ ரத்த குரூப்பும் இருக்கு. இவ்வளவு இருக்கே,” என்றேன்.

“இருக்குது இல்ல? எப்படி இருக்குதுன்னு நினைக்கிறீங்க?” என்றார் பெருமையாக. “யாருக்கும் குடுக்கறதில்ல. அதான் இருக்குது.”

“உயிர் போற அவசரம்ங்க.”

“புரியுது சார். ஆனா ரத்தம் ஏத்தறது எதுக்கு? போனதை ஈடுகட்ட. உங்க மனைவிக்கு எவ்வளவு போயிருக்கு? ஒண்ணும் போகல. ஒண்ணும் போகாதவங்களுக்கு ரெண்டு பாட்டில் ஏத்தினா அளவுக்கு மீறிடும். அது ஆபத்து. நாங்க நோயாளி உயிரோட விளையாடறதில்ல.”

நான் சத்தம் போட்டேன். சொல்லக் கூடாத வார்த்தையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே அடுத்த கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். எத்தனை பேர் வந்து இதே மாதிரி கத்தியிருந்தால் அந்தப் பொறுமை வந்திருக்கும்!

சரி, இந்த இடமே வேண்டாம், வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சக்கர நாற்காலியில் அவளை வைத்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்விட்டேன். அங்கே பெரியவரே வந்துவிட்டார். தோளில் கைபோட்டார்.

“தப்பா எடுத்துக்காதீங்க. ஆபரேஷன் ரத்தம் உங்க வீட்டம்மா முட்டிக்குள்ள இருக்கு. அதோட அவங்க வாசலைத் தாண்டினா, ஆஸ்பத்திரியை விட்டு ரத்தம் வெளியே போன கணக்காயிடும். முட்டி வத்தற வரைக்கும் இருந்துட்டுப் போங்க. நாளைக்குப் பரிசுக் குழு வேற வருது. உங்களைத்தான் அவங்களுக்குக் காட்டப் போறோம்.”

வாசல் காவலர்கள் இரண்டு பேர் நாற்காலியின் இரண்டு பக்கமும் மரியாதையாக நின்றார்கள். பெரியவர் எனக்குக் கைகொடுத்தார். அதுதான் மூன்றாவது.

மறுநாள் காலை தரையை மெழுகுத் துணியால் தேய்த்துப் பளபளக்க வைத்தார்கள். நோயாளிகளுக்குத் தலைவாரிவிட்டார்கள். என் மனைவி விடிந்ததிலிருந்து பேசவில்லை. மூச்சு மட்டும் சின்னச் சின்னதாக வந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அது சூடாகவே இல்லை.

பரிசுக் குழு வந்தது. கோட்டுப் போட்ட மூன்று பேர், முன்னால் ஒரு கண்ணாடிக்காரர். பெரியவர் எங்கள் கட்டில் அருகே நின்று பேச ஆரம்பித்தார். அந்தக் காலி ஜாடியை அளவு அதிகாரி பக்கத்தில் ஏந்தி நின்றார்.

“இந்த அம்மாவைப் பாருங்க. எவ்வளவு களையா இருக்காங்க! மற்ற ஆஸ்பத்திரியில நோயாளி ரத்தத்தை இழக்கறாங்க. இங்கே நோயாளிதான்...” ஏதோ யோசித்து, அளவு அதிகாரி விரித்துக் காட்டிய உள்ளங்கையைப் பார்த்து, “உண்டியல்!” என்றார்.

என் மனைவி கண்ணைத் திறந்தாள்.

“என்னங்க,” என்றாள் என்னிடம், ஈனஸ்வரத்தில். “வெளியே வந்து, அவங்க ஆளு பார்த்தாத்தானே கணக்கு?”

நான் என்ன ஏதென்று கேட்பதற்குள், தலையிலிருந்து கொண்டை ஊசியை உருவினாள். முட்டியில் இருந்த கட்டை ஒரே இழுப்பில் தளர்த்தினாள். ரத்தத்தைக் கண்டால் கண்ணை மூடுகிறவள் இப்போது கண்ணை மூடவில்லை. எத்தனை ஆயிரம் உடுப்பு பிரித்துத் தைத்த கை அது! ஊசியைத் தையலுக்கு அடியில் விட்டு ஒரு நெம்பு, பிறகு இன்னொன்று. கத்தக்கூட இல்லை. உள்ளே தேங்கிக் கிடந்தது கட்டிகட்டியாகக் கறுத்து வந்தது, அதன்பின் சிவப்பாக வந்தது. கட்டிலின் ஓரமாக வழிந்து, மெழுகிய தரையில் பரவி, கண்ணாடிக்காரரின் காலணியைத் தொட்டது.

சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள்.

“இது ஆபரேஷன் கணக்குல வராது. ஆபரேஷன் நேத்தே முடிஞ்சுது,” என்றார் அளவு அதிகாரி அவசரமாக. “ஜாடியிலயும் விழல.”

“ஆனா நான் பார்த்துட்டேனே,” என்றார் கண்ணாடிக்காரர், காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு.

யாரும் அவளைத் தொடவில்லை. சிஸ்டர் ஒருத்திதான் ஓடிவந்து, மண்டியிட்டு, புதுத் துணியை வைத்து இரண்டு கையாலும் முட்டியை அழுத்தினாள். பெரியவர் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். மெல்ல மெல்ல அவர் முகம் தெளிந்தது. என் மனைவி பக்கம் குனிந்தார்.

“அம்மா, யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தல இல்ல? நீங்களா விரும்பித்தானே இதை வெளியே விட்டீங்க?”

“ஆமா,” என்றாள் அவள்.

பெரியவர் நிமிர்ந்தார். கண்ணில் நீர்கூடத் தெரிந்தது.

“பார்த்தீங்களா? ஒரு நோயாளி, ஆபரேஷன் ஆன மறுநாளே, தன் ரத்தத்தைத் தானமாக் குடுக்கறாங்க! அவ்வளவு மிச்சம் இருக்கு அவங்ககிட்ட. இதைவிட வேற என்ன அத்தாட்சி வேணும்?”

கைதட்டல் வார்டையே நிறைத்தது. பக்கத்துக் கட்டில்களில் கிடந்தவர்கள்கூடத் தட்டினார்கள், பாவம். அளவு அதிகாரி எங்கிருந்தோ ஒரு சின்னப் பதக்கத்தை எடுத்துவந்து அவள் மார்பில் குத்தினார். ஒரு டம்ளர் பழச்சாறும் இரண்டு பிஸ்கட்டும் வந்தன.

“இப்பவாவது ரத்தம் ஏத்துங்க! எல்லாருந்தான் பார்த்தீங்களே!” என்று அலறினேன்.

“தானம் குடுத்தவங்களுக்கு யாராவது ரத்தம் ஏத்துவாங்களா?” என்றார் கூட்டத்தோடு வந்து நின்ற ரத்த வங்கி அதிகாரி, உண்மையிலேயே ஆச்சரியப்பட்டு. “குடுத்ததுக்கு அர்த்தமே இல்லாமப் போயிடுமே. ஜூஸ் குடிச்சிட்டு கொஞ்சம் படுக்கச் சொல்லுங்க.”

அப்போது சிஸ்டர் மண்டியிட்ட இடத்திலிருந்தே, குழு காதில் விழும்படி உரக்கச் சொன்னாள்:

“சார், தானம் குடுத்தவங்களை நாம பிடிச்சு வெச்சுக்கக் கூடாதே. அவங்க நோயாளி இல்லையே. அவங்க இஷ்டத்துக்குப் போகலாம் இல்லையா?”

கண்ணாடிக்காரர் தலையசைத்தார். “ஆமா, அது விதி.” சிஸ்டர் முட்டியை இறுக்கிக் கட்டி, அவளை நாற்காலியில் தூக்கிவைத்து, என்னைவிட வேகமாகத் தள்ளினாள். வாசலில் காவலர்கள் பதக்கத்தைப் பார்த்ததும் விலகி நின்று சல்யூட் வைத்தார்கள். “மறுபடியும் வாங்க,” என்றான் ஒருவன். வெளியே நிறுத்தியிருந்த என் வேனின் பின்சீட்டில் அவளைப் படுக்கவைத்தோம். சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் உள்ளே போனாள். அவளுக்கு அங்கே இன்னும் நிறையக் கட்டில்கள் இருந்தன.

எப்படி ஓட்டினேன் என்று தெரியாது. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. சாதாரண டியூப் லைட், மஞ்சளேறிய வெள்ளை விரிப்பு. அந்த விரிப்பைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அங்கிருந்த டாக்டரம்மா எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். மார்பில் இருந்த பதக்கத்தைக் கழற்றி மேஜைமேல் போட்டார். ரத்தப் பை வந்தது, ஊசி ஏறியது. இன்னொரு பக்கம் முட்டியைக் கழுவி, குழாய் வைத்து, மறுபடி தைத்தார்கள். ஒவ்வொரு சொட்டாக உள்ளே இறங்குவதை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பை முடிந்து இரண்டாவது பையும் பாதி இறங்கிய பிறகு, அவள் நகத்தில் லேசாக நிறம் வந்தது.

“பிழைச்சுட்டாங்க,” என்றார் டாக்டரம்மா. நான் அவர் காலில் விழப் போனேன், தடுத்துவிட்டார்.

“நல்லவேளை, இன்னிக்கே வந்தீங்க,” என்றார், கையுறையைக் கழற்றிக்கொண்டே. “அந்தப் பெரிய ஆஸ்பத்திரியோட திட்டத்துல எங்களையும் சேரச் சொல்லிட்டாங்க. நாளைக் காலையில அவங்க அதிகாரி ஜாடியோட வர்றார். அப்புறம் எங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.”

என் மனைவி கண்ணைத் திறக்காமலேயே என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“என்னங்க,” என்றாள். “விடியறதுக்குள்ள இன்னொரு பாட்டில் போடச் சொல்லுங்க.”